எச்சரிக்கை மக்களுக்கு மட்டும்தானா?

2022 மார்ச் மாதக் கடைசியில் வேலூரில் ஒரு தந்தையும் பள்ளிச் சிறுமியான அவருடைய மகளும் ஒரே இரவில் மாண்டார்கள். வீட்டில் சார்ஜுக்குப் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியது. புகை மூச்சை அடைத்தது. அடுத்த மாதமே நிஜாமாபாத்திலும் விஜயவாடாவிலும் வீட்டுக்குள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பாட்டரிகள் வெடித்து உயிர்களைக் குடித்தன.

இத்தகைய விபத்து நடக்கும்போதெல்லாம் புத்திமதி ஓட்டுகிறவனுக்குத்தான். அந்தப் புத்திமதியில் உண்மை இல்லாமல் இல்லை. வெயிலில் ஓடிவந்த வண்டியை ஆறவிட்ட பிறகே சார்ஜ் போட வேண்டும். அதற்கென்று தந்த சார்ஜரையே உபயோகிக்க வேண்டும். உப்பிய பாட்டரியையும் அடிபட்ட பாட்டரியையும் சார்ஜில் போடவே கூடாது. வெளியேறும் வழியை மறித்து வண்டியை நிறுத்தக் கூடாது. இவற்றை நம் மக்கள் அவசியம் கடைப்பிடிக்க வேண்டும்.

ஆனால் ஒற்றை அறையில் குடியிருக்கும் தொழிலாளி பாட்டரியை எங்கே கொண்டுபோய் வைப்பான்? வீடு வீடாக உணவு கொண்டு செல்லும் இளைஞன், வண்டி ஆறட்டும் என்று காத்திருந்தால் அன்றையக் கூலியை யார் தருவார்கள்?

விஷயம் இதுதான். சார்ஜ் ஏறும்போது லித்தியம் பாட்டரி சூடாவது இயல்பு. சூடு வெளியேறாமல் தேங்கி எல்லை மீறினால், உள்ளே நடக்கும் ரசாயன மாறுதலே மேலும் சூட்டைக் கிளப்புகிறது. ஒரு செல்லில் மூண்டது அடுத்த செல்லுக்குத் தாவுகிறது. அதன்பின் சார்ஜரைப் பிடுங்கினாலும் நிற்காது. ஆகவே எல்லையைத் தொடுமுன்பே மின்சாரத்தைத் துண்டிப்பது பாட்டரிக்குள் உள்ள கட்டுப்பாட்டுக் கருவியின் வேலை. உறங்குகிற மனிதன் அதைச் செய்ய முடியுமா?

இந்தச் சாவுகளுக்குப் பிறகு மத்திய சர்க்கார் நிபுணர் குழு அமைத்தது. பாட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரு கட்டங்களாக அமுலுக்கு வந்தன. சூட்டை அறியும் கருவி, அபாய அறிவிப்பு, நிறைந்ததும் தானே நிற்கும் சார்ஜர் ஆகியவை கட்டாயமாயின. இதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் அதற்கு முன்பு விற்ற வண்டிகளின் கதி என்ன? 2022-ல் சில கம்பெனிகள் சில ஆயிரம் வண்டிகளைச் சோதிக்கத் திரும்ப அழைத்தன. அது போதாது. பழைய வண்டிகளின் பாட்டரி, சார்ஜர் அனைத்தையும் கம்பெனிகள் தம் செலவில் சோதித்து, பழுதானவற்றை மாற்றித் தர வேண்டும். நெருக்கமான குடியிருப்புகளில், வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான பொது சார்ஜ் நிலையங்களைச் சர்க்கார் அமைக்க வேண்டும்.

கவனமாக இருப்பது மக்கள் கடமை. பத்திரமான பாட்டரியைத் தருவது விற்றவன் கடமை. முன்னதைக் காட்டிப் பின்னதைத் தட்டிக்கழிக்க விடக் கூடாது.