பல் மருத்துவமனைக் கட்டடமும் நோயாளியின் அச்சமும்

பல் நோயாளியின் அச்சம் சிகிச்சை நாற்காலியில் தொடங்குவதன்று. காத்திருக்கும் கூடத்திலேயே தொடங்கிவிடுகிறது. 1957-ஆம் ஆண்டில் காற்றுச் சுழலித் துளைகருவி புழக்கத்துக்கு வந்தபின் வேலை விரைவாயிற்று, அதிர்வும் குறைந்தது. ஆயினும் அதன் கீச்சொலி, உள்ளே இருப்பவனைக் காட்டிலும் வெளியே அமர்ந்திருக்கும் சிறுவனையே அதிகம் வாட்டுகிறது. மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இதனை அறிவர். முதல் நாளில் மிரண்டு ஓடியவன், பல்லைப் பிடுங்குவதன்றி வேறு வழியில்லாத நிலையில்தான் மீண்டும் வருகிறான்.

இக்குறை மருத்துவருடையதன்று, கட்டடத்தினுடையது. பல இடங்களில் கூடத்துக்கும் சிகிச்சை அறைக்கும் இடையே கூரையை எட்டாத பலகைத் தடுப்பே நிற்கிறது. கீச்சொலியைச் செங்கற்சுவர் எளிதில் தடுத்துவிடும்; ஆனால் சிறு இடுக்கு இருப்பினும் அது கசிந்து வரும். ஆதலின் தடுப்பைக் கூரைவரை எழுப்பிக் கதவின் அடியிடுக்கையும் அடைத்தல் வேண்டும். பளிங்குத் தரை பிறகு வரட்டும். சொத்தைப் பற்களின் வண்ணப்படங்களையும் கூடத்திலிருந்து அகற்றலாம். அத்தகைய படங்களுக்கு விளக்கம் மொழிபெயர்ப்பவனாகிய நானே சொல்லுகிறேன், அவற்றுக்கு உரிய இடம் பள்ளிக்கூடம்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றின் பதிவேடுகளை ஆராய்ந்து, ரோஜர் உல்ரிச் என்பார் 1984-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பித்தப்பை அறுவைக்குப்பின் சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், எதிரே செங்கற்சுவரையே கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அவர்கள் பல் நோயாளிகள் அல்லர். எனினும், வெயில் கண்ணைக் கூசாத வடக்குச் சன்னலை நோக்கி நாற்காலியைத் திருப்பி, வெளியே ஒரு வேம்பு நடுவதற்கு இச்சான்று போதும் என்பது என் கருத்து.