பெயர் தொலைந்த வாள்கள்

சீனத்துப் பழம்போர்வாள்களைப் பற்றி எழுத வருவோருள் பலர் ஆங்கிலத்தின் 'பிராட்ஸ்வேர்டு' என்னும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு, தமிழில் 'அகன்ற வாள்' என்று எழுதி அமைந்துவிடுகின்றனர். இது பிழை, அறியாமையைப் பரப்பும் பிழை.

'பிராட்ஸ்வேர்டு' என்பது ஐரோப்பாவில், கூடை போன்ற கைக்காப்பு உடைய நேர்வாளுக்கு வழங்கிய பெயர். அது பெரும்பாலும் இருபுறமும் கூருடையது. சிங் பேரரசின் (1644–1912) படைவீரன் இடையில் தொங்கியதோ ஒருபுறம் மட்டும் கூருடைய வளைவாள். ஒருபுறக் கூருடையது 'தாவ்', இருபுறக் கூருடையது 'ஜியென்' எனச் சீனமொழி தெளிவாகப் பிரித்திருக்க, அவ்விரண்டையும் குழப்பும் சொல் நமக்கு எதற்கு?

தாவ் என்பதற்குள்ளும் வகைகள் உள. அலகின் பெரும்பகுதி நேராகச் சென்று நுனியருகே மட்டும் வளைவது 'யன்மாவ்தாவ்', அதாவது காட்டு வாத்தின் இறகு. பிடியிலிருந்தே மெல்ல வளைந்து செல்வது 'லியூயெதாவ்', வில்லோ மர இலை. ஆழ்ந்து வளைந்து, இழுத்து அறுப்பதற்கென்றே அமைந்தது 'பியன்தாவ்'. வளைவு மாறினால் வீச்சும் குத்தும் மாறும். ஆகவே இவை வெறும் அழகுப் பெயர்கள் அல்ல.

நம்மை மிகவும் வருத்துவது 'நியூவெய்தாவ்' எனும் எருதுவால் வாளின் கதை. நுனிப்பக்கம் அகலும் இவ்வாள் 19ஆம் நூற்றாண்டில் பொதுமக்களிடமும் போர்க்கலைப் பயிற்சியாளரிடமும் பரவியது; அரசுப்படையின் முறைப்படியான ஆயுதமாக என்றும் இருந்ததில்லை. ஆயினும் திரைப்படங்கள் இதனை மிங் காலத்து (1368–1644) வீரன் கையில் தயங்காமல் கொடுக்கின்றன. விற்பவர் 'படைவாள்' என்கிறார், வாங்குபவர் நம்புகிறார்.

ஆர்வலர் கூட்டத்தையும் நாம் விடுவதற்கில்லை. வாத்திறகு, வில்லோ இலை என்று உச்சரித்துவிட்டால் அரசாவணமே பேசியதாக எண்ணுகின்றனர். 1759இல் சியன்லுங் பேரரசர் காலத்தில் தொகுக்கப்பட்ட அரசவைப் பொருள்களின் பட விளக்க நூலில் படைக்கலங்களுக்கெனத் தனிப்பகுதி உண்டு. அரசு வழக்கில் பெரிதும் ஆளப்பட்ட சொற்கள் 'பெய்தாவ்', 'யாவ்தாவ்' என்பன. முன்னது அணியும் வாள், பின்னது இடைவாள். அலகின் வடிவைக் கூறும் பெயர் வேறு, அணியும் முறையைக் கூறும் பெயர் வேறு. ஒரே வாள் இரண்டையும் பெறலாம்.

"பெயரில் என்ன இருக்கிறது?" என்பார்க்கு ஒன்று சொல்வோம். 1933இல் பெருஞ்சுவரின் சீஃபெங்கோவ் கணவாயில் சீன 29ஆம் படையினர் ஜப்பானியரை எதிர்த்து ஏந்தியது 'தாதாவ்', இரு கையாலும் பிடிக்கத்தக்க நீண்ட பிடியுடைய பெருவாள். அதையும் சிங் வீரனின் இடைவாளையும் ஒரே சொல்லால் அழைத்தால், இரு வேறு காலத்தின் இரு வேறு போர்கள் ஒன்றாகிவிடும்.

இடையில் அணியும் வாளுக்கு 'உடைவாள்' என்ற சொல் தமிழில் முன்னரே இருக்கிறது. மொழிபெயர்ப்போர் ஆங்கிலத்தின் வழியே சுற்றி வருவதை விட்டு, மூலப்பெயரை எழுதி அதன் பொருளை அருகில் தரட்டும். நாம் வேண்டுவது அவ்வளவே.