அம்பேத்கரின் புரொபோசலுக்குப் பதில் வரவில்லை

போன ஆண்டு நாங்கள் அனுப்பிய ஒரு திட்ட முன்மொழிவு திரும்பி வந்தது. நிராகரிக்கவில்லை. ஓரத்தில் குறிப்புகள் போட்டு, திருத்தி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில், 'ஊர் மைதானத்தில் காலனி இளைஞர்கள் விளையாட ஆதிக்க சாதியினர் விடுவதில்லை' என்று எழுதியிருந்தோம். அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: 'இளைஞர்களுக்குப் போதிய விளையாட்டு வசதிகள் இல்லை' என்று இதைக் கொஞ்சம் மாற்ற முடியுமா?

மிகவும் மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்கள். நானும் மாற்றிக் கொடுத்தேன்.

பணம் வந்தது. வசதி இல்லை என்று எழுதினோம், எனவே வசதி வந்தது. இரண்டு வாலிபால், ஒரு நெட், நான்கு கேரம் போர்டு, முதுகில் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட முப்பது டி-ஷர்ட். காலனியில் நெட் கட்டுவதற்கு இடம் இல்லை. நெட்டும் பந்துகளும் இன்றைக்கும் சமுதாயக் கூடத்தின் பரணில் கிடக்கின்றன. மைதானம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதில் யார் விளையாடினார்களோ அவர்களே விளையாடுகிறார்கள். அந்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு மைதானத்துப் பக்கம் போன எங்கள் பையன் ஒருவன் அடி வாங்கி வந்ததுதான் புதிதாக நடந்தது.

ஒன்பது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து சம்பளம் வாங்குகிறவன் நான். 'இளைஞர் மேம்பாடு' என்ற தலைப்பில் எத்தனை புரொபோசல் எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. அதனால் இங்கே எழுதுவதை வெளியிலிருந்து கல்லெறியும் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பரணில் கிடக்கும் அந்த நெட்டுக்கு நானும் பொறுப்பு.

இந்தப் படிவங்களை நிரப்பியவர்களுக்குத் தெரியும், எல்லாவற்றுக்கும் அடித்தளம் 'பிரச்சினை விளக்கம்' என்ற பகுதிதான். அதில் எதை எழுதுகிறோமோ அதற்குத்தான் செயல்பாடு, அதற்குத்தான் பட்ஜெட், அதற்குத்தான் அளவுகோல். அந்தப் பகுதியில் நாம் என்ன எழுதுகிறோம்? விளிம்புநிலை இளைஞர்களுக்குத் தன்னம்பிக்கை இல்லை, தலைமைப் பண்பு இல்லை, வாழ்க்கைத் திறன் இல்லை, தொழில் திறன் இல்லை, போதைப் பழக்கம் இருக்கிறது. இல்லாத பட்டியலும் இருக்கிற பட்டியலும் நம் பிள்ளைகளைப் பற்றியதாகவே இருக்கின்றன. 'விளிம்புநிலை' என்று எழுதிவிட்டால் விளிம்புக்குத் தள்ளியவன் யார் என்று எழுத வேண்டியதில்லை. ஏதோ மேஜையின் ஓரத்துக்கு அவர்களாகவே உருண்டு போய்விட்டதைப் போல.

பிரச்சினை சேரிப் பையனின் மண்டைக்குள் இருக்கிறது என்று எழுதிவிட்டால், தீர்வும் அவன் மண்டைக்குள்தானே நடக்க வேண்டும்? அதனால்தான் இரண்டு நாள் ஆளுமைப் பயிற்சி, மூன்று நாள் தலைமைப் பண்பு முகாம், முடிவில் சான்றிதழ், பேனர் பிடித்து ஒரு குரூப் போட்டோ. பயிற்சி முடிந்து பஸ்ஸில் ஊருக்குத் திரும்புகிறவன், டீக்கடைக்கு முன்னால் பைக்கை நிறுத்தலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டேதான் இறங்குகிறான்.

இதைப் புதிய நோய் என்று நினைக்காதீர்கள். இதற்கு 90 வயது தாண்டிவிட்டது.

1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் கையெழுத்தான சில நாட்களில் பம்பாயில் தீண்டாமை எதிர்ப்புக் கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள். பின்னால் அரிஜன சேவா சங்கம் என்று பெயர் மாறியது அதுதான். தலைவர் தொழிலதிபர் ஜி.டி. பிர்லா, செயலாளர் ஏ.வி. தக்கர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நேற்றுத்தான் பிறந்தது என்று யார் சொன்னது?) அதன் மையக் குழுவில் அண்ணல் அம்பேத்கரும் இருந்தார். மூன்றாவது வட்டமேசை மாநாட்டுக்காக லண்டனுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, அந்த நவம்பரில், கழகம் என்ன வேலை செய்ய வேண்டும் என்று தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன என்ற 1945ஆம் ஆண்டு நூலில் அதை அவரே வெளியிட்டிருக்கிறார். அதைப் படித்தால் இன்றைய புரொபோசலில் இருக்கும் எல்லாப் பகுதியும் அதில் இருப்பது தெரியும்: பிரச்சினை என்ன, அணுகுமுறை என்ன, செயல்பாடுகள் என்ன, யாரை வேலைக்கு வைப்பது.

ஒடுக்கப்பட்டோரை முன்னேற்ற இரண்டு வழிகளைச் சொல்கிறார்கள் என்று அதில் பிரித்துக் காட்டுகிறார். ஒரு தரப்பு, அந்த மனிதனின் இழிநிலைக்கு அவனுடைய நடத்தைதான் காரணம் என்று நினைக்கிறது. எனவே மதுவிலக்கு, உடற்பயிற்சிக் கூடம், கூட்டுறவு, நூலகம், பள்ளி என்று அவனைத் திருத்தப் பார்க்கிறது. இன்னொரு தரப்பு, அவன் வாழும் சூழல்தான் காரணம் என்று நினைக்கிறது. அம்பேத்கர் இரண்டாவது தரப்பில் நின்றார். கிணற்றில் நீர் எடுக்கும் உரிமை, கிராமப் பள்ளியில் சேரும் உரிமை, சாவடிக்குள் போகும் உரிமை, பொது வண்டிகளில் ஏறும் உரிமை ஆகியவற்றுக்காக ஊர் ஊராக இயக்கம் நடத்துங்கள் என்றார். கலவரம் வரலாம், அதற்காகப் பின்வாங்கக் கூடாது என்றும் சேர்த்தே எழுதினார். வேலைக்கு எடுப்பவர்களை ஒடுக்கப்பட்டவர்களிலிருந்தே எடுங்கள், அவர்களுக்குத்தான் இதில் உயிர் இருக்கும் என்றார்.

கடிதம் கிடைத்தது என்றுகூட அவருக்குப் பதில் வரவில்லை. அவர் விலகினார். சங்கம் விடுதி நடத்தியது, பள்ளி நடத்தியது, உதவித்தொகை கொடுத்தது. அம்பேத்கர் முதல் வழி என்று பிரித்துக் காட்டினாரே, அதே வழிதான்.

நூலகமும் பள்ளியும் வேண்டாம் என்றா சொன்னார் அம்பேத்கர்? 1924இல் அவரே தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா விடுதியும் நூலகமும் நடத்திய அமைப்புதான். கிணற்றுக்குப் போகும் உரிமைக்குப் பதிலாக நூலகம் என்று ஆகிவிடக் கூடாது என்பதுதான் அவர் வாதம். மைதானத்துக்குப் பதிலாக கேரம் போர்டு வாங்கிய நான் இதை முன்பே படித்திருந்தும் மறந்தவன்.

நாங்குநேரியை நினைத்துப் பாருங்கள். 2023 ஆகஸ்ட். பள்ளியில் நடந்த சாதிக் கொடுமையைச் சொல்லிவிட்டான் என்பதற்காக, பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் யார்? அதே பள்ளி மாணவர்கள். அவர்களும் 'இளைஞர்கள்'தான். அதைத் தொடர்ந்து அமைத்த நீதிபதி சந்துரு குழு, கையில் கட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு என்று சாதியை அடையாளம் காட்டும் எதையும் மாணவர்கள் அணியக் கூடாது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை எடுக்க வேண்டும் என்றெல்லாம் 2024இல் பரிந்துரைத்தது.

இப்போது சொல்லுங்கள், இதில் யாருக்கு மேம்பாடு தேவை? வெட்டுப்பட்ட பிறகும் பரீட்சை எழுதித் தேறிய பையனுக்குத் தன்னம்பிக்கைப் பயிற்சியா? அரிவாளை எடுத்த பதினேழு வயதுக் கைக்கு ஏன் ஒரு திட்டமும் இல்லை? ஒன்பது ஆண்டுகளில் நான் எழுதிய 'இலக்குக் குழு' ஒன்றில்கூட ஊர்த்தெரு இளைஞர்கள் இல்லை. சாதிச் சங்கம் அவர்களைப் பார்த்துக்கொள்கிறது. கொடி கொடுக்கிறது, கயிறு கொடுக்கிறது, குருபூஜைக்கு வண்டி பிடித்துக் கொடுக்கிறது. அதுவும் ஓர் இளைஞர் மேம்பாட்டுத் திட்டம்தான். அதற்குப் புரொபோசல் எழுதி யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

'சாதி என்று எழுதினால் சட்டம் விடாதே' என்பார்கள். இந்தப் பயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவின் கீழ் வரும் பெரிய நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சொல்லும் ஏழாம் அட்டவணையில், சமூக, பொருளாதார ரீதியில் பின்தங்கிய பிரிவினர் எதிர்கொள்ளும் ஏற்றத்தாழ்வுகளைக் குறைப்பதும் இருக்கிறது. மைதானத்துக்குள் விடாதது ஏற்றத்தாழ்வு இல்லையென்றால் வேறு எது? சட்டம் கதவைச் சாத்தவில்லை. சாத்துவது, சாதி என்ற சொல்லைக் கேட்டதும் நெளியும் அந்த ஏசி அறை.

வெளிநாட்டு நிதி வேறு கதை. அங்கே சட்டமே கழுத்தைப் பிடிக்கிறது. 2011ஆம் ஆண்டு விதிகள், சாதி முதலியவற்றின் அடிப்படையிலான இளைஞர், மாணவர், விவசாயி, தொழிலாளர் அமைப்புகள் தங்கள் மக்களின் அரசியல் நலனுக்காக வேலை செய்தால், எந்தக் கட்சியையும் சேராவிட்டாலும் 'அரசியல் தன்மை கொண்டவை' என்று அறிவிக்க வழி வைத்தன. பந்த், சாலை மறியல் நடத்தினாலும் அப்படித்தான். 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளின் வீச்சைச் சுருக்கி, கட்சி அரசியலோடு தொடர்பில்லாத அமைப்பை மக்கள் பிரச்சினைக்குக் குரல் கொடுத்தது என்பதற்காகத் தண்டிக்கக் கூடாது என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றம் வேறு வழியில் வந்தது. வெளிநாட்டு நிதி பெறும் ஓர் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது, நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைய வேண்டும் என்று திருத்தம். பெரிய அமைப்பிடமிருந்து ஒரு சிறு தொகை வாங்கி காலனியில் மாலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்த சின்னக் குழுக்களுக்கு இதனால் வாசல் அடைந்தது. மிஞ்சியவர்கள் யார்? நல்ல இங்கிலீஷில் எழுதத் தெரிந்தவர்கள். நான் பார்த்த அலுவலகங்களில் எழுதுகிற மேஜை ஒரு சாதியிடமும், வெயிலில் அலைகிற பைக் இன்னொரு சாதியிடமும்தான் இருந்தன.

இதற்கிடையே நமக்கே சொந்தமான பணம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 2011 கணக்கெடுப்பின்படி 20 சதவீதம். மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்பத் திட்ட நிதியை ஒதுக்கும் துணைத் திட்டம் 1980 வாக்கிலேயே வந்தது. அதைச் சட்டமாக்க 2024 வரை ஆனது. இடைப்பட்ட காலத்தில் நாடு முழுக்க அந்தப் பணம் எங்கெங்கோ போனது. டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டிக்குக்கூட அதிலிருந்து நூற்றுக்கணக்கான கோடி போனது. நம் பணத்தில் அவர்கள் ஸ்டேடியம் கட்டினார்கள், நாம் மைதானத்துக்கு வெளியே நிற்கிறோம். உங்கள் ஒன்றியத்தில் இந்த நிதியில் என்ன நடந்தது என்று கேட்க 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு பக்க மனு போட்டால் போதும். நாற்பது பக்கப் புரொபோசல் எழுதுகிற கைக்கு ஒரு பக்கம் பாரமா? அந்த மனுவில் 'தாழ்மையுடன்' என்ற சொல்லும் தேவையில்லை.

தோழர்கள் சிலர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, 'அதனால்தான் நாங்கள் என்.ஜி.ஓ. பணத்தைத் தொடுவதே இல்லை' என்று சிரிப்பார்கள். நல்லது. மாலை வகுப்பு எடுக்கிற தங்கச்சிக்கு மாதம் நாலாயிரம் எங்கிருந்து வரும் என்றும் சொல்லிவிட்டுச் சிரியுங்கள். அவள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். காலனியில் வீட்டுக்கு ஐம்பது ரூபாய் சந்தா வாங்கிப் பார்த்தோம். தைரியமாகப் பேச அது போதும், மாதம் நடத்தப் போதாது. ஆக, எழுதத்தான் வேண்டும்.

ஆனால் வேறு மாதிரி எழுதலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தத்தை எடுத்துப் படியுங்கள். பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை, செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதை, திருமண ஊர்வலம் போவதைத் தடுத்தால் குற்றம் என்று நாடாளுமன்றமே பச்சையாக எழுதி வைத்திருக்கிறது. நாடாளுமன்றம் எழுதத் துணிந்ததை எழுத நாம் ஏன் கூசுகிறோம்? அந்த வாசகத்தையே பிரச்சினை விளக்கத்தில் போடுங்கள். 'மென்மையாக்குங்கள்' என்று குறிப்பு வந்தால் சட்டப் பிரிவைக் காட்டுங்கள். 'எத்தனை பேருக்குப் பயிற்சி' என்ற கட்டத்தில், ஆண்டு முடிவில் எத்தனை மாலை எங்கள் பையன்கள் ஊர் மைதானத்தில் ஆடினார்கள் என்று எழுதுங்கள். மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும் என்பது விதி. கூடியதா என்று பார்ப்பதும் ஒரு செயல்பாடுதான். இப்படி எழுதினால் பணம் குறையும். சில வாசல்கள் மூடும். அம்பேத்கருக்கே பதில் போடாதவர்களின் பரம்பரை நமக்கா போடப்போகிறது?

டி-ஷர்ட் போட்டுக்கொண்டு போய் அடிபட்ட பையனின் வழக்கு இப்போது மாவட்டத் தலைநகர நீதிமன்றத்தில் நடக்கிறது. சாட்சிகள் நான்கு பேர், எல்லோரும் தினக்கூலிகள். சாட்சிகளுக்குப் பயணப்படி தர வேண்டும் என்று 1995ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன, கேட்டுக்கொண்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர்களுக்குக் கூலி போகிறது. அடுத்த வாரம் இன்னொரு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய புரொபோசல் மேஜையில் இருக்கிறது. போன ஆண்டு நான் மாற்றிய வரியைப் பழையபடி எழுதிவிட்டேன், ஆதிக்க சாதியினர் என்ற சொல்லோடு. பட்ஜெட்டின் முதல் வரி: நீதிமன்றத்துக்குப் போய்வர பஸ் கட்டணம், நான்கு பேருக்கு, ஒரு நாள் கூலியோடு.