பல்லு பதினாலு... ஆணி ரெண்டு!

எங்கள் ஊர் பொட்டிப்புரத்தில் என் தாய்மாமா இருக்கிறார். மாட்டு விஷயத்தில் அவர் ஒரு சுப்ரீம் கோர்ட். சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து ஒரே ஒரு பார்வை. "ரெண்டு பல்லு... நம்பி வாங்கு." "நாலு பல்லு... வெலை சாஸ்தி." "கடை சேர்ந்திருச்சு... தள்ளிவிடப் பாக்குறான், விட்ரு." தீர்ப்பு சொன்னால் சொன்னதுதான். அப்பீல் கிடையாது.

அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு, சொந்தக் கீழ்த்தாடையில் ஒரு பல் கூடக் கிடையாது!

சர்க்கரை, வெற்றிலை, புகையிலை மூன்றும் கூட்டு சேர்ந்து பத்து வருஷத்தில் வரிசையாகக் காலி பண்ணிவிட்டன. மேலே தேவலை, ஏழெட்டு பாக்கி இருக்கிறது. கீழே 'பல் செட்'. அதுவும் பாதி நேரம் சட்டைப் பையில்தான் இருக்கும். சாப்பிடும்போது கழற்றி வைப்பார். பேசும்போது மாட்டிக்கொள்வார். சாப்பிடத்தானே பல் என்று கேட்டால், "அதுக்கு இது தோதுப்படாது மாப்ள" என்பார்.

போன வருஷம் தை மாசம் அவர் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நானும் சென்னையிலிருந்து போயிருந்தேன். மாமா வாசல் வரை போய், வாய் நிறைய "வாங்க சம்பந்தி!" என்றார். வாய் நிறைந்திருந்ததுதான் தப்பு. 'சம்'முக்கு வாய் மூடி, 'பந்தி'க்குத் திறந்ததில் கீழ் செட் துள்ளிக் குதித்து, அத்தை ஏந்திக்கொண்டிருந்த தாம்பாளத்தில் வாழைப்பழத்துக்கும் வெற்றிலைக்கும் நடுவே போய் உட்கார்ந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. எல்லோரும் ஒரே நேரத்தில் எங்கள் வீட்டு உத்தரத்தை ரசித்தார்கள்.

அன்றிலிருந்து மாமா துண்டை வாயில் வைத்தவர் எடுக்கவே இல்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தால் அத்தையிடம் கொடுத்துவிடுவார். நேரில் பார்த்தால் தலையாட்டல் மட்டும். ஒரு மாசத்தில் தரகர் மூலமாகச் சேதி வந்தது: "பொண்ணோட அப்பாவுக்கு இந்தச் சம்பந்தத்துல இஷ்டமில்லையோ? முகம் குடுத்துப் பேச மாட்டேங்கறாரே..."

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எங்கள் வீட்டில் சம்பந்தமே போகப் பார்த்தது.

அத்தை எனக்கு போன் போட்டார். "நீதான் படிச்சவன். இம்ப்ளான்ட்டுன்னு என்னமோ இருக்காமே, தாடையிலயே ஆணி அடிச்சு மாட்டி விட்ருவாங்களாம். கூட்டிட்டுப் போய்ட்டு வாப்பா."

நான் படித்தது பி.காம். ஆனால் எனக்கும் ஒரு சொந்தக் காரணம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினேன். "சீக்கிரம் வேற பல்லு வச்சுக்குங்க" என்று அப்போதே டாக்டர் சொன்னார். சிரித்தால் தெரியாத இடம். பைக் டியூ வேறு ஓடிக்கொண்டிருந்தது. கடையை அப்படியே பூட்டிப் போட்டுவிட்டேன். உங்களில் எத்தனை பேர் வாயில் இப்படிப் பூட்டின கடை இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. நாக்கால் ஒரு ரவுண்டு போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாசி மாசம் இரண்டு பேருமாகக் கிளம்பினோம்.

முதலில் போனது ஒரு டவுன் கிளினிக். பெயர் வேண்டாம். வாசலில் 'மூன்றே நாளில் நிரந்தரப் பல்' என்று போர்டு. உள்ளே டை கட்டின ஒரு தம்பி, டாக்டருக்கு முன்னால் எங்களைப் பிடித்துக்கொண்டார். மாமாவின் கீழ்த்தாடைக்கு மூன்றரை லட்சம். "இன்னிக்கே அட்வான்ஸ் கட்டினா 20 பர்சன்ட் தள்ளுபடி சார்." பல் டாக்டரிடம் வந்தோமா, ஆடித் தள்ளுபடிக்கு வந்தோமா என்று எனக்கே சந்தேகம். சர்க்கரை இருக்கா, என்ன மாத்திரை சாப்பிடறீங்க... ஒரு கேள்வி கிடையாது. மாமா ஏதோ கேட்க வாயெடுத்தார். "அதெல்லாம் டாக்டர் பாத்துப்பார் பெரியவரே, மொதல்ல பில் போட்ரலாம்" என்றார் தம்பி.

மாமா துண்டை எடுத்தார். ஒரு மாசத்தில் முதல் தடவை.

"தம்பி, நான் எந்த ஊரு தெரியுமா? பொட்டிப்புரம். எங்கூரு மலையையே குடைய வந்தாங்க. குடையற கல்லை எங்க கொட்டுவ, வெடி வச்சா ஊடு தாங்குமா, தண்ணிக்கு என்ன வழி, மாடு எங்கிட்டு மேயும்னு வருஷக் கணக்கா கேள்வி கேட்ட ஊரு. என் தாடையைக் குடையறதுக்கு ஒரு கேள்வி கேக்க விட மாட்டேங்கறியே!"

மாமா சொன்னது நியூட்ரினோ ஆய்வகத்தை. எங்கள் ஊர் பெயர் பேப்பரில் வந்ததே அதனால்தான். அம்பரப்பர் மலைக்குள் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, 50,000 டன் இரும்பை அடுக்கி, கண்ணுக்குத் தெரியாத நியூட்ரினோவைப் பிடிப்பதாகத் திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடிக்கு ஒப்புதல் கொடுத்தது. போராட்டம், கோர்ட், கேஸ் என்று போய், அனுமதிக்க முடியாது என்று 2022-ல் தமிழக அரசே சுப்ரீம் கோர்ட்டில் சொல்லிவிட்டது. விஞ்ஞானம் ஜெயிக்க வேண்டுமா, மலை ஜெயிக்க வேண்டுமா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. ஆனால் குடைய வருகிறவனைக் கேள்வி கேட்கிற பழக்கம் ஊரில் தங்கிவிட்டது. அது நல்ல பழக்கம்.

அடுத்த வாரம் மதுரையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி. அங்கே ஒரு டாக்டரம்மா. மாமா உட்கார்ந்ததுமே, "கேக்கறதுக்கு நாலஞ்சு விஷயம் இருக்கு தாயி" என்றார். "எல்லாத்தையும் கேளுங்க ஐயா" என்று அந்தம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். அங்கேயே பாதி வியாதி போய்விட்டது.

முதல் கேள்வி: "இரும்பை எலும்புல அடிச்சா, ஒடம்பு சும்மா இருக்குமா? முள்ளு குத்துனாலே சீழ் வச்சுத் தள்ளி விட்ருதே?"

"இரும்பு இல்லைங்கய்யா, டைட்டானியம்" என்று ஆரம்பித்து அவர் சொன்னது ஒரு நல்ல கதை. சுவீடனில் பிரானமார்க் என்று ஒருத்தர். பல் டாக்டரே இல்லை, எலும்பு ஆராய்ச்சிக்காரர். 1952-ல் எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க, முயலின் காலில் டைட்டானியத்தால் செய்த ஒரு குட்டிக் கருவியைப் பொருத்தினார். காஸ்ட்லி சாமான். ஆராய்ச்சி முடிந்ததும் திரும்ப எடுத்து வேறு முயலுக்கு வைக்கலாம் என்று பார்த்தால், வரவில்லை! எலும்பு அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. சிக்கனம் பார்க்கப் போன இடத்தில் ஒரு வைத்தியமே பிறந்தது.

1965-ல் கோஸ்டா லார்சன் என்பவருக்குக் கீழ்த்தாடையில் நாலு டைட்டானியத் திருகாணி வைத்து, அதன் மேல் பல் கட்டினார். மற்ற டாக்டர்கள் பல வருஷம் நம்பவில்லை. 1982-ல் டொரான்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் உலகம் ஏற்றுக்கொண்டது. லார்சன் அதையெல்லாம் பற்றிக் கவலைப்படாமல் மென்றுகொண்டே இருந்தார். 2006-ல் அவர் காலமாகிற வரைக்கும் அந்த ஆணிகள் வேலை பார்த்தன. நாற்பது வருஷத்துக்கு மேல்!

"அந்த டைட்டானியம் எங்கேயோ சீமையில மட்டும் இருக்கறதில்ல" என்றார் டாக்டரம்மா. "மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல்லகூட அந்தத் தாது இருக்கு."

"நம்ம மண்ணுதானா? அப்ப ஒட்டும்" என்றார் மாமா.

இரண்டாவது கேள்வி: "எங்கீழ்த்தாடைக்குப் பதினாலு பல்லு வேணும். அப்ப பதினாலு ஆணியா?"

இங்கேதான் எனக்கே ஆச்சரியம். "ரெண்டு போதும்" என்றார் அந்தம்மா. முன் தாடையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஆணி. அதன் தலையில் சட்டைக்கு வைக்கிற டிச் பட்டன் மாதிரி ஒரு குமிழ். பல் செட்டின் அடியில் அதற்கான குழி. 'டிக்' என்று மாட்டினால் அசையாது. ராத்திரி கழற்றிக் கழுவலாம். கீழ்த்தாடை முழுக்கப் பொக்கையானவர்களுக்கு வெறும் பல் செட்டை விட இதையே முதலில் யோசிக்க வேண்டும் என்று 2002-லேயே கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொல்லியிருக்கிறார்களாம். அசையாமல் நிரந்தரமாகவே வேண்டும் என்றால் நாலு, ஆறு என்று ஆணி கூடும், செலவும் கூடும். மூன்று நாளில் பல் என்பதும் சுத்தப் பொய் இல்லையாம். எலும்பும் உடம்பும் இடம் கொடுத்தால், கை தேர்ந்தவர்கள் செய்யலாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டுமே தவிர, போர்டில் எழுதி வைக்கிற சமாச்சாரம் அல்ல.

மூன்றாவது: "குடையறப்ப உள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?"

அதற்குத்தான் முப்பரிமாண ஸ்கேன். கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. ஆணி அதன் மேல் பட்டால் உதடு மரத்துப் போகலாம். எலும்பின் உயரம், அகலம், நரம்பு எங்கே... எல்லாம் அளந்துதான் ஆணி எத்தனை நீளம் என்று முடிவாகும்.

நான்காவது: "எனக்குச் சர்க்கரை இருக்கு தாயி."

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். ரத்தம் எடுத்தார்கள். மூன்று மாசச் சராசரி 10.4 என்று வந்தது. "இப்ப ஆணி கிடையாது. சர்க்கரை இறங்கணும், புகையிலை நிக்கணும். மூணு மாசம் கழிச்சு வாங்க." சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் புண் ஆறாது, எலும்பு சரியாகப் பிடிக்காது. சிகரெட் குடிப்பவர்களுக்கு ஆணி தோற்றுப் போகிற வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. டீக்கடையில் நின்று இதைப் படிக்கும் சகோதரர்கள் கவனிக்க!

"வைகாசியில கல்யாணம் தாயி..." மாமாவின் குரல் இறங்கிவிட்டது.

"கல்யாணம் ஒரு நாள் ஐயா. பல்லு இருபது முப்பது வருஷத்துக்கு."

கையில் பணத்தோடு வந்த ஆளை அட்வான்ஸ் வாங்காமல் திருப்பி அனுப்பிய டாக்டரை அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம் என் முறை. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பல் பிடுங்கின இடத்தில் எலும்பு சுருங்கிவிட்டது. முதல் வருஷத்திலேயே பாதி அகலம் வரை போகலாமாம். அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாசத்திலேயே. பக்கத்துப் பல் வேறு காலி மனையைப் பார்த்த ஆக்கிரமிப்பாளர் மாதிரி சாய்ந்துகொண்டிருந்தது. காலேஜில் 'தேய்மானம்' என்று ஒரு பாடம் உண்டு. மிஷின் ஓட ஓடத் தேயும். தாடை எலும்பு நேர் எதிர்: வேலை கொடுக்காவிட்டால்தான் தேயும்! எனக்கு முதலில் எலும்புத் தூள் வைத்து மேடாக்க வேண்டும், அது இறுகக் காத்திருக்க வேண்டும், அதற்கப்புறம்தான் ஆணி. அன்று மிச்சம் பிடித்த காசு, வட்டியோடு இரண்டு மடங்காகக் கைமாறியது.

மாமா கடைசியாகக் கேட்டார்: "புடுங்கிக்கிட்டா?"

"நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல பத்து வருஷம் தாண்டியும் நிக்கும். ஆனா தினம் தேய்க்கணும். அழுக்கு சேந்தா, சொந்தப் பல்லுக்கு வர மாதிரியே இதைச் சுத்தியும் ஈறு வீங்கி எலும்பு கரையும். இன்ன கம்பெனி, இன்ன சைஸ்னு ஆணி டப்பாவுல ஸ்டிக்கர் இருக்கும். அதை ஒட்டி ஒரு அட்டை குடுப்போம். பத்திரமா வச்சுக்குங்க. நாளைக்கு வேற டாக்டர்கிட்ட போனாலும் அவருக்கு வழி தெரியும்."

"ஆடு மாட்டுக்கே காதுல தோடு போட்டு நம்பர் குடுக்கறான். நமக்கும் இருக்கட்டும்" என்று மாமா எழுந்தார்.

ஊருக்குத் திரும்பினதும் மாமா ஒரு காரியம் செய்தார். நேரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். சம்பந்தி முன்னால் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து செட்டை எடுத்துக் காட்டினார். "இதான் சம்பந்தி விஷயம். அன்னிக்குத் தட்டுல விழுந்துச்சே, அந்த வெக்கத்துலதான் பேசலை. வேற மனத்தாங்கல் ஒண்ணுமில்லை."

சம்பந்தி அக்கம் பக்கம் பார்த்தார். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆணின்னு சொல்றாங்களே... எம்புட்டு ஆகுமாம்?" என்றார்.

கல்யாணம் வைகாசியில் ஜாம் ஜாம் என்று நடந்தது. போட்டோவில் மாமா பழைய செட்டோடு, துண்டு தோளில். மூன்று மாசச் சராசரி 7.5-க்கு இறங்கியது. ஆனி மாசம் ஆணி! நாலு மாசம் ஈறுக்கடியில் அது எலும்போடு குடித்தனம் நடத்தியது. ஐப்பசியில் 'டிக்'. மொத்தச் செலவு எண்பதாயிரத்துக்குள். சின்னத் தொகை இல்லைதான். அந்த மூன்றரை லட்சத்தில் கால்வாசி கூட இல்லை.

இந்தப் பொங்கலுக்குப் போனபோது மாமா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டார். சட்டைப் பை காலி. அவருக்காகச் சோற்றை மிக்ஸியில் அடித்துக்கொண்டிருந்த அத்தை, இந்தத் தடவை இரண்டாவது கரண்டி கறி போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்று அவர் மெல்லுவதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

கை கழுவினதும் மாமா என் பக்கம் திரும்பினார். "எங்க, வாயைத் தொற மாப்ள."

திறந்தேன். எலும்புத் தூள் வைத்து மூன்றாவது மாசம். மேடு இறுகிக்கொண்டிருக்கிறது. மோவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது:

"கடை சேர்ந்திருச்சு. அதுலயும் ஒண்ணு பொக்கை. சந்தையில அஞ்சாயிரம் கொறைச்சுத்தான் கேப்பான்... வீட்டு மாடு, பரவால்ல, வச்சுக்கலாம்!"