கோபுரத்துக் கிளிக்குச் சீட்டு ஏது?

திருச்சி கம்பரசம்பேட்டையில் காவிரிக் கரையோரம் 2025ஆம் ஆண்டு பறவைப் பூங்கா திறக்கப்பட்டது. சீட்டு வாங்கி உள்ளே போனால் அயல்நாட்டுப் பறவைகளைக் கண்டு களிக்கலாம். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஸ்ரீரங்கத்துக் கோபுரப் பொந்தில் குடியிருக்கும் நம்மூர்க் கிளியைப் பார்க்கச் சீட்டு ஏது? அதை அண்ணாந்து பார்ப்பவர்தான் எத்தனை பேர்?

பறவை நோக்குவது என்றாலே பைனாகுலரும் காரும் ஆங்கிலப் புத்தகமும் உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. அதற்குக் காரணமும் உண்டு. அண்டை அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 1999இல் சரணாலயமாயிற்று. 2024இல் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தை அங்கே காணலாம். ஆனால் பொழுது புலரும் வேளையில் அங்கே போய் நிற்க, அடுப்படியில் நிற்கும் பெண்ணால் முடியுமா? முழங்கால் வலிக்காரப் பெரியவரால் முடியுமா? அன்றாடக் கூலிக்காரரால்தான் முடியுமா?

இதனால் நஷ்டம் அவர்களுக்கு மட்டுமல்ல, பறவைகளுக்கும்தான். 2015 முதல் பொங்கலையொட்டித் தமிழகத்தில் பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. குறைந்தது 15 நிமிஷம் கண்டதையும் கேட்டதையும் எண்ணி, இபேர்டு என்னும் இணையதளத்தில் பதிந்தால் போதும். நல்ல ஏற்பாடு. ஆனால், எண்ணுகிறவர் போகும் இடந்தானே ஏட்டில் ஏறும்? எவரும் எண்ணாத குட்டை, பறவையே இல்லாத குட்டைபோல் தோன்றும். நாளை அதைத் தூர்க்க வந்தால் சாட்சி சொல்ல ஏட்டில் ஒரு வரி இராது.

உண்மையில் சாட்சிகளுக்கா பஞ்சம்? உய்யக்கொண்டான் கரையில் துணி துவைப்பவருக்கும், கொள்ளிடத்தில் மாடு மேய்ப்பவருக்கும் தெரியாத பறவையா? நீரில் நீந்தும் கறுப்புப் பறவையின் நெற்றியில் வெள்ளையைக் கண்டு ‘நாமக்கோழி’ என்று பெயரிட்டவர்கள் பாமர ஜனங்கள்தானே! ஸ்ரீரங்கத்துக் குழந்தை அதை அடையாளம் காண அந்தப் பெயர் ஒன்றே போதும். பறவைகளைப் பற்றித் தமிழிலேயே சுவைபட எழுத முடியும் என்பதை மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டிச் சென்றிருக்கிறார்.

செய்ய வேண்டியவை பெரிய செலவல்ல. பறவை பார்க்கும் நடை, டவுன் பஸ் போகும் இடத்திலிருந்து தொடங்கட்டும். பெண்கள் சேர்ந்து போக ஒரு நாள் ஒதுக்கட்டும். சக்கர நாற்காலி செல்லும் பாதையையே தேர்ந்தெடுக்கட்டும். மாநகராட்சிப் பள்ளிக்கு இரண்டு பைனாகுலர் கிடைக்கட்டும். பார்வையற்றவர் செவியால் எண்ணட்டும். குயிலையும் செம்போத்தையும் அறியக் கண் எதற்கு? மாடு மேய்ப்பவர் சொல்ல, கல்லூரி மாணவர் பதியட்டும். மொட்டை மாடியில் எண்ணியதும் கணக்குத்தான்.

யானையைக் கோழி வென்ற கதையால் உறையூருக்குக் கோழியூர் என்றும் பெயர். பறவையின் பெயரையே சூடிய ஊரில், பறவை பார்ப்பது சிலருக்கு மட்டும் உரியதாக இருக்கலாமா? வரும் பொங்கலுக்குக் கரும்போடு ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்குங்கள்.