மஞ்சள் யாருக்குச் சொந்தம்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்

சேப்பாக்கத்தில் ஆட்டம் நடந்த நாளில், நள்ளிரவை ஒட்டி வேப்பம்பட்டு நிலையத்தில் வந்து நிற்கும் திருவள்ளூர் வண்டியை நீங்கள் கண்டதுண்டா, தோழர்களே? பெட்டி பெட்டியாக மஞ்சள் இறங்கும். தொண்டை கட்டிய இளைஞர்கள், தோளில் உறங்கும் குழந்தையோடு தகப்பன்மார், விசில் ஊதியே உதடு வீங்கிய சிறுவர்கள். அந்த மஞ்சளில் நானும் ஒருவன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். கிரிக்கெட்டை வெறுப்பவன் எழுதிய கட்டுரை என்று யாரும் இதைத் தள்ளிவிடக் கூடாது அல்லவா?

என் தந்தை கொத்தனார். தாய் சித்தாள். எங்கள் வீட்டுக் குளியலறைக்குக் கதவு வருவதற்கு முன், காலி சிமெண்ட் சாக்குகளைப் பிரித்துத் தைத்த திரைதான் தொங்கியது. நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் சொற்களில் ‘சங்கர் சிமெண்ட்’ என்பதும் ஒன்று. அந்தச் சிமெண்டும் நான் அணியும் மஞ்சள் சட்டையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது கல்லூரிக்கு வந்த பிறகே எனக்குத் தெரிந்தது.

இந்தியா சிமெண்ட்ஸ் 1946-ஆம் ஆண்டில் தோன்றிய நிறுவனம். திருநெல்வேலிக்கு அருகே தாழையூத்தில் அதன் முதல் ஆலை எழுந்தது. சென்னைக் கிளப் கிரிக்கெட்டில் பல அணிகளை அது நெடுங்காலமாகப் போற்றி வளர்த்தது. ஆட்டக்காரர்கள் பலருக்கு வேலை கொடுத்து வாழ வைத்தது. அந்த நன்றியை நாம் மறப்பதற்கில்லை. பின்னர் 2008 சனவரி 24 அன்று, இந்தியன் பிரிமியர் லீக்கின் எட்டு அணிகள் ஏலத்துக்கு வந்தபோது, சென்னை அணியை அந்நிறுவனம் 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு எடுத்தது. அன்றைய மதிப்பில் அது சுமார் 360 கோடி ரூபாய். பத்தாண்டுகளில் செலுத்த வேண்டிய தொகை.

இங்கே சற்று நில்லுங்கள். அந்த 360 கோடிக்கு அன்று கையில் கிடைத்தது என்ன? ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை. தோனி உள்ளிட்டோர் ஏலம் போனது பிப்ரவரி 20 அன்றுதான். மைதானமும் இல்லை; சேப்பாக்கம் அரசு நிலத்தில் குத்தகைக்கு நிற்பது, அதை நடத்துவது தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம். பந்தும் மட்டையும் எந்தக் கடையிலும் கிடைக்கும். அன்று விற்கப்பட்டது ஓர் ஊரின் பெயரும், அந்தப் பெயருக்காகக் கைதட்டப் போகும் நம் கைகளும், அதைக் காட்டும் தொலைக்காட்சியின் வருவாயில் ஒரு பங்கும்தான்! விற்றவர் இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம். ஊராராகிய நம்மை யாரும் கேட்கவில்லை.

அந்தக் கைதட்டலின் விலை ஏறிய விதம் கணித மாணவனையும் மலைக்க வைக்கும். 2021-இல் லக்னோ அணி புதிதாக ஏலத்துக்கு வந்தபோது போன தொகை 7,090 கோடி ரூபாய். 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி. இதில் ஒரு பெரும் பகுதி அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. வாயிலில் வாங்கும் டிக்கெட் பணம் இதன் முன்னே சிறு துளி. ஆனால் மைதானம் காலியாகக் கிடந்தால் அந்தத் தொலைக்காட்சிப் படத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்? காட்சியின் பாதி நாம்தானே!

முதலாளியும் மேற்பார்வையாளரும் ஒருவரே ஆனால் என்ன நேரும் என்பதையும் இந்த அணியின் வரலாறு காட்டியிருக்கிறது. அணியை வாங்கிய நிறுவனத்தின் தலைவர் என். சீனிவாசன் அப்போது வாரியத்தின் பொருளாளர். வாரிய நிர்வாகிகள் அதன் போட்டிகளில் வணிக ஆதாயம் கொள்ளக் கூடாது என்ற விதி இருந்தது; 2008 செப்டம்பரில் அந்த விதி இந்த லீக்கிற்குப் பொருந்தாது என்று திருத்தப்பட்டது. 2015 சனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லாது என்றது. அணி அதிகாரி ஒருவர் பந்தயம் கட்டிய விவகாரத்தில், அதே ஆண்டு சூலையில் நீதிபதி லோதா குழு அணியை இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்தி வைத்தது. 2016-லும் 2017-லும் நான் பதினோரு, பன்னிரண்டு வயதுப் பையன். கோடை வந்தது, அணி வரவில்லை. தவறு செய்தவர் ஒருவர், தண்டனையில் எனக்கும் பங்கு!

இலாபத்தில் யாருக்குப் பங்கு என்பதுதான் விந்தையிலும் விந்தை. 2014 இறுதியில் கிரிக்கெட்டுக்கென்றே ஒரு தனிக் கம்பெனி தொடங்கி, அணியை அதற்கு மாற்றினார்கள். சிமெண்ட் கம்பெனியில் ஒரு பங்கு வைத்திருந்தவருக்குக் கிரிக்கெட் கம்பெனியிலும் ஒரு பங்கு என்று முடிவாயிற்று. ஒரு பந்துகூடப் பார்த்திராத, சிமெண்ட் விலையை மட்டுமே கவனித்திருந்த ஒருவர் இப்படி அணியின் உடைமையாளர் ஆகியிருக்கலாம். எல்.ஐ.சி.க்கே சுமார் 6 விழுக்காடு பங்கு இருப்பதாக 2018-இல் செய்தித்தாள்கள் எழுதின. என் தந்தை பெயரில் ஒரு பாலிசி உண்டு. அந்த வகையில் எனக்கும் அணியில் அணுவளவு உரிமை உண்டென்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன். பிறகு 2024 டிசம்பரில் தாய் நிறுவனம் அல்ட்ராடெக்கின் கைக்குப் போய்விட்டது. பிள்ளை மட்டும் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது.

வணிகவியல் படிக்கும் என் நண்பன் இதைக் கேட்டுச் சிரித்தான். “சினிமா பார்க்கிறவன் தியேட்டர்ல பங்கு கேட்பானாடா? முதல் போட்டவனுக்குத்தான் லாபம். நஷ்டம் வந்தா நீ வந்து தாங்குவியா?” நியாயமான கேள்வி. ஆனால் எந்தத் தியேட்டரும் ஊரின் பெயரை மார்பில் குத்திக்கொண்டு ஊர் சார்பில் சண்டைக்குப் போவதில்லையே! நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி மக்கள் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணியைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக நினைத்திருந்தார்கள். 1955-இல் அது உலகத் தொடரையும் வென்று கொடுத்தது. இரண்டே ஆண்டுகளில், 1957 ஆட்டப் பருவம் முடிந்ததும், முதலாளி அதை லாஸ் ஏஞ்சலீசுக்குக் கொண்டு போய்விட்டார். புரூக்ளின்காரர்கள் கண்ணீர் விட்டதைத் தவிர வேறு என்ன செய்ய முடிந்தது?

அதே அமெரிக்காவில் கிரீன் பே என்றொரு சிற்றூர். மக்கள் தொகை சுமார் ஒரு லட்சம். அங்குள்ள பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி 1923 முதல் பொதுமக்கள் பங்கில் நடக்கிறது. இன்று பங்குதாரர் ஐந்து லட்சத்துக்கும் மேல். அந்தப் பங்குக்கு ஈவுத்தொகை கிடையாது, இலாபத்துக்கு விற்கவும் முடியாது. ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்கலாம், அவ்வளவுதான். அவ்வளவு போதும், அந்த ஊரைவிட்டு அந்த அணியை யாரும் கொண்டு போய்விடவில்லை.

நான் கேட்பதும் அந்த அளவே. கம்பெனியில் நூற்றுக்குப் பத்துப் பங்கை ஒதுக்கி, ஒருவருக்கு ஒன்று என்று ரசிகர்களுக்கு விற்கட்டும். டிக்கெட் விலையைத் தீர்மானிக்கும் அறையில் ரசிகர் பிரதிநிதி ஒருவர் உட்காரட்டும். 2025-இல் மிகக் குறைந்த டிக்கெட்டே 1,700 ரூபாய். விடுமுறை நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் நான் ஒன்று வாங்கினேன். தந்தை டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு எந்தக் கணக்கும் மூட்டைக் கணக்குத்தான். “நாலு மூட்டை சிமெண்ட் காசுடா இது” என்றார். பிறகு, “நாம தூக்குன அதே கம்பெனியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அப்ப சாமான் நல்லாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுச் சாந்து குழைக்கப் போய்விட்டார்.

அடுத்த பருவத்திலும் அந்த நள்ளிரவு வண்டியில் என்னைக் காணலாம்; செமஸ்டர் தேர்வு குறுக்கே வராதிருந்தால்.