விளக்கை ஏற்றவும் ஆங்கிலமா?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் புதிதாய் எழும் வீடுகள் சிலவற்றில், சுவரில் ஆளி இருந்த இடத்திற்கு வாய்ச்சொல் கேட்டு விளக்கேற்றும் கருவி வந்து சேர்கின்றது. கைப்பேசியைத் தொட்டால் கதவு திறக்கும். அழைத்தால் மின்விசிறி சுழலும். கண்டு வியப்போர் ஒருபுறம். ‘கைநீட்டி அழுத்தவும் சோம்பலா?’ என நகைப்போர் மறுபுறம். இருவர் கூற்றிலும் பாதியே உண்மை.

கருவி பகையன்று. வயற்கிணற்று நீரேற்றியைக் கைப்பேசி வழி இயக்கும் கருவிக்குத் தமிழ்நாட்டரசு உழவர்க்கு உதவித்தொகை வழங்கியுள்ளது. நள்ளிரவில் மின் வரும் வேளை பார்த்து, பாம்புக்கு அஞ்சி வரப்பில் நடந்த உழவனுக்கு அது பெருந்துணை. உழைப்பைக் குறைக்கும் கருவியைப் பழிப்பது அறிவுடைமையாகாது.

ஆயின், எளிய வேலையொன்றைக் கடல் கடந்த கைகளில் ஒப்படைப்பது தகுமா? தி.பி. 2055 (2024) நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்து ஊர்கள் பல இருளில் கிடந்தன. மின் மீண்டதும் பழைய விளக்கு எரியும். வாய்ச்சொற் கருவியோ இணையமும் மீளும் வரை ஊமையே. புயலும் வேண்டா! 2025 அக்தோபர் 20 அன்று அமெரிக்காவின் வர்சீனியாவில் அமேசானின் கணினி நிலையங்கள் பழுதுற்றன. அலெக்சாக் கருவிகள் பல வாயடைத்தன. இணையத்தோடு பிணைந்த படுக்கை வாங்கியோருள் சிலர், அதன் சூட்டைக் குறைக்கவும் இயலாது தவித்தனர். தன் படுக்கைக்கும் பிறனிடம் கையேந்துவதா வாழ்வு?

இதனினும் பெரிது மொழிக்கேடு. 2017-இல் அலெக்சா இந்தியாவிற்கு வந்தபோது ஆங்கிலம் கேட்டது. 2019-இல் இந்தி சேர்ந்தது; தமிழ் சேரவில்லை. வாய்ச்சொற் கருவி உண்மையில் யாருக்குத் தேவை? கால் தளர்ந்த முதியோர்க்கு, கண்ணொளி குன்றியோர்க்கு, படுக்கையினின்று எழவியலாதார்க்கு. இவருள் தமிழன்றிப் பிறிதறியாதார் எத்துணைப் பேர்! தேவை உடையவர்க்கே கதவடைக்கும் கருவியை அறிவுக் கருவி என்பது எங்ஙனம்?

‘நான்கு ஆங்கிலச் சொல் கற்றால் தீர்ந்தது’ என்பார் உளர். எண்பது அகவைப் பாட்டி கருவிக்காக மொழி மாறுவதா, பாட்டிக்காகக் கருவி மாறுவதா? தமிழ் கேட்கும் நுட்பம் இல்லை என்னவும் முடியாது. கூகுளின் குரல்வழித் தட்டச்சு 2017-இலேயே தமிழ் கேட்கத் தொடங்கிவிட்டது. குறை இயலாமையன்று, விருப்பமின்மையே. கேளாதார்க்கு எவரும் கொடார்.

தமிழன்பர்களே! வாங்குமுன் மூன்று கேளுங்கள். உழைப்பை உண்மையிற் குறைக்குமா? இணையம் அற்றால் கையால் இயங்குமா? தமிழுக்குச் செவி சாய்க்குமா? மூன்றிற்கும் ‘ஆம்’ எனில் மகிழ்ந்து வாங்குங்கள். இல்லையெனில் சுவர் ஆளியே போதும். அதற்கு மொழி வேண்டா, விரல் போதும். பொறியியல் கற்ற தமிழிளைஞரோ, தமிழ் கேட்கும் கருவியைத் தாமே ஆக்கித் தரட்டும். தன் வீட்டு விளக்கைத் தன் மொழியால் ஏற்றவியலாதவன், அவ்வீட்டில் குடியிருப்பவனேயன்றி உரியவன் ஆகான்.